மேளம் ஆகாத சாமி

அண்ணே,

இன்று காலை உன் பிரசாதம் என் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டு மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள். திருநீறு இல்லை, குங்குமம் இல்லை. வாழையிலைத் துண்டில் கொஞ்சம் முத்துவெள்ளை. கூத்தில் முகத்துக்குப் பூசுவோமே, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்த அதே வெள்ளை. அவளுடைய பெண் குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அதற்காக உன்னிடம் போய்விட்டு வந்திருக்கிறாள். குழந்தையின் இரண்டு கன்னத்திலும் வெள்ளைப் பொட்டு இருந்தது.

"தாத்தா, கட்டியக்கார சாமி பிரசாதம். நெத்தியில வச்சிக்குங்க. உங்களுக்குன்னு சொல்லி பூசாரியே குடுத்தாரு."

நான் நெற்றியில் வைக்கவில்லை. கீழேயும் போடவில்லை. இலையோடு உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், உடைந்த கண்ணாடித் துண்டைக் கால் விரலிடுக்கில் செருகிக்கொண்டு, குனிந்து உன் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்த உன் முதுகு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக நீ எனக்கு முதுகாகத்தான் வருகிறாய். திரும்புவதில்லை.

போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "சாயந்திரம் கோயில் கமிட்டிக்காரங்க உங்களப் பாக்க வர்றாங்களாம் தாத்தா. இந்த வருசம் சாமிக்கு மேளம் வைக்கணும்னு இருக்காங்களாம். மைக் செட்டு, செண்டை மேளம் எல்லாம். உங்ககிட்ட உத்தரவு கேக்கணுமாம்."

உத்தரவு. என்னிடம். நீ இருந்திருந்தால் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே கூட்டத்தை விடியும்வரை உட்காரவைத்திருப்பாய்.

நீ கட்டியக்காரன். கூத்தில் முதலில் வருகிறவன். ராஜாவின் வாசல்காரன், கோமாளி, பார்க்க வந்தவர்களில் ஒருவன், மூன்றும் ஒரே ஆள். இரண்டு பேர் திரையை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் ராஜா வேஷம் காத்திருக்கும். நீ முன்னால் நின்று, ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவாய். நான் உன் பின்னால் மத்தளத்தோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு பேச்சை நீ எங்கே நிறுத்தப் போகிறாய் என்பது உன் வாய்க்கு முன்னால் என் விரலுக்குத் தெரியும். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உனக்கு நாற்பது ஆகவில்லை. இப்போது நான் உன்னைப்போல் இரண்டு பங்கு கிழவன். ஆனாலும் நீதான் அண்ணன். அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை.

தருமர் வேஷம் திரை நீங்கி வந்து நின்றதும் நீ கேட்பாய்: "ராஜா, சூதாடி நாட்டைத் தோத்தீங்க. தம்பிங்களைத் தோத்தீங்க. கட்டின பொண்டாட்டியைத் தோத்தீங்க. உங்களுக்கு எவன் தருமருன்னு பேரு வச்சது? எங்க ஊர்ல சீட்டாடி பம்பு செட்டைத் தோத்தான் ஒருத்தன். அவனுக்கு நாங்க வச்ச பேரைப் பொம்பளைங்க இருக்கிற எடத்துல சொல்ல முடியாது." கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் அடுத்தது விழும். "மேல்சித்தாமூர்ல சாமிக்குத் துணி இல்ல, கும்பிடறவன் நல்லா உடுத்தியிருக்கான். நம்ம ஊர்ல சாமிக்குப் பட்டு, கும்பிடறவன் கோவணம். எந்த சாமி நல்ல சாமின்னு நீங்களே சொல்லுங்க." அந்த மேல்சித்தாமூரிலிருந்து நெல் வியாபாரத்துக்கு வந்திருந்த சமணர், நயினார் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, போகும்போது உனக்கு ஒரு வேட்டி கொடுத்துவிட்டுப் போனார். "பாத்தியா, கோவணத்துக்கு விடிவு வந்துட்டுது" என்றாய்.

அம்மன் ஏறி ஆடுகிறவர்களையும் நீ விட்டதில்லை. அப்படியே முதுகை வளைத்து, கண்ணைச் செருகி, பல்லைக் கடித்து ஆடிக் காட்டுவாய். சட்டென்று நிறுத்தி, "ஆத்தா எப்பப் பாரு நாத்து நடற கூலிக்காரி மேலயே வர்றா. ஒரு நாளாவது தர்மகர்த்தா மேல வந்து, டேய், நீ புடுங்கின கொல்லையைத் திருப்பிக் குடுடான்னு கேட்டிருக்காளா?" என்பாய். முன்வரிசையில் தர்மகர்த்தாவே உட்கார்ந்திருப்பார். பல்லைக் காட்டுவார். கோமாளி சொன்னதற்குக் கோபித்தால் அவருக்குத்தான் அவமானம்.

கறுப்புச் சட்டைக்காரர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். எங்கள் மேடையில் வந்து இதையே பேசு என்றார்கள். நீ போகவில்லை. நான் கோபப்பட்டேன், அவர்கள் பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருந்தது. "இன்னாண்ணே, நீ பேசறதத்தான அவங்களும் பேசறாங்க" என்றேன். "பேசறாங்க தம்பி. ஆனா அங்கயும் ஒரு மேடை, ஒரு மாலை, ஒருத்தரு வந்தா எல்லாரும் எழுந்து நிக்கணும். எனக்கு எழுந்து நிக்கிறதுதான் ஆகல" என்றாய்.

தொண்டூர்ப் பாறையை நினைக்கிறேன். கூத்து முடித்து அடுத்த ஊருக்கு நடந்துகொண்டிருந்தோம். உச்சி வெயில். எப்போதோ சமணத் துறவிகள் செதுக்கிப் படுத்திருந்த கல் படுக்கை ஒன்றில் நீ நீட்டிப் படுத்தாய். "சில்லுனு இருக்குது தம்பி. பாரு, இதுல படுத்தவன் எவனையும் எதுவும் கேக்கல. கல்லு மேல படுத்தான், பூட்டான். அப்பால வந்தவனுங்கதான் செவுரு வச்சி, வாசல் வச்சி, வாசலுக்கு ஆளையும் வச்சானுங்க." புரண்டு படுத்துச் சொன்னாய்: "எனக்கு சாமியோட சண்டை இல்ல. இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நானும் வாசக்காரன், வாசக்காரன் புத்தி எனக்குத் தெரியும். உள்ள ராஜா இருக்காரா இல்லையான்னு வெளியில நிக்கிறவனுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நான்தான் ராஜா."

அந்த வருஷம் நமக்கு அனந்தபுரம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் திரௌபதி அம்மன் கூத்து. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதையும் பெருமை என்று எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குக் கரெண்ட் வந்த புதிது. முதல் நாள் பொழுது சாயும்போதே டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, அதைப் பார்ப்பதற்கென்றே பாதி ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது.

திரை உயர்ந்தது. நீ கட்டியம் கூறினாய். கூறினாய், கூறிக்கொண்டே இருந்தாய். "இப்ப வர்றது யாருன்னு தெரியுமா? இதுவரைக்கும் எந்தக் கூத்துலயும் வராத ராஜா. எல்லா ராஜாவுக்கும் ராஜா. நீங்க உக்காந்துனு பாக்கிற ராஜா இல்ல, எழுந்திருங்க!" உன் குரலில் அன்றைக்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் விரலே கொஞ்சம் பயந்துதான் வாசித்தது. கூட்டம் எழுந்தது. தர்மகர்த்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பினார். பூசாரி கற்பூரத்தை ஏற்றித் தட்டோடு முன்னால் வந்தார்.

"எடுங்கடா திரையை!"

திரை விழுந்தது. பின்னால் யாரும் இல்லை. வெறும் தரை. ஒரு நாய் மட்டும் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

நீ அவசரப்படவில்லை. பூசாரியிடம் போய், "ராஜா வந்துனே இருக்காரு சாமி. அவரு வர்ற வரைக்கும் தட்டை நான் வச்சிருக்கேன், குடுங்க" என்று கையை நீட்டினாய். முதலில் குழந்தைகள் சிரித்தன. பிறகு பெண்கள். பிறகு அந்த ஊரே சிரித்தது. தர்மகர்த்தா ஒருவர்தான் இடுப்பில் துண்டோடு, நாய்க்கு முன்னால் கை கூப்பியபடி நின்றார்.

மறுநாள் காலை கோயில் வாசலில் நம்மைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "மூட்டையைக் கட்டுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ஊர்லயும் இனிமே உங்க கூட்டத்துக்குக் கூத்து கெடையாது. நான் பாத்துக்கறேன்" என்றார் தர்மகர்த்தா. பூசாரி நடுவில் புகுந்தார். "ஆத்தாகிட்ட பூ கேட்டேன். அவன் காப்புக் கட்டிக்கினா மன்னிக்கறேன்றா."

"எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே ஆத்தா. ராவெல்லாம் இங்கதான இருந்தேன்" என்றாய். யாரும் சிரிக்கவில்லை.

காப்பு என்றால் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு. மணிக்கட்டில் கட்டிவிட்டால் திருவிழாக் கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு விழுந்தாலும் கூடாது. கோமாளிக்குக் காப்பு கட்டும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. உன்னைப் பிடித்துக் கட்டிப்போடத்தான் கட்டினார்கள். நீ எங்களைத் திரும்பிப் பார்த்தாய். கூத்தை விட்டால் வேறு பிழைப்பு தெரியாத பத்துப் பேர். கையை நீட்டினாய். நீ நம்பாத கயிற்றை எங்களுக்காகக் கட்டிக்கொண்டாய். இதை அந்தக் கோயிலில் எவனும் சொல்வதில்லை.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் பந்தல் கட்டையிலிருந்த துருப்பிடித்த ஆணி உன் குதிகாலில் ஏறியது. திருவிழாவுக்கு வளையல் விற்க செஞ்சியிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் வந்திருந்த பாய்தான் முதலில் பார்த்துச் சொன்னார். "துரு ஏறின ஆணிப்பா. ஊசி போட்டே ஆவணும். எவ்ளோ தூரம், வா, நான் கூட்டினு போயி கூட்டினு வர்றேன்." தர்மகர்த்தாவிடம் கேட்கப் போனோம்.

"எல்லை தாண்டக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சிக் கட்டுங்க. ஆத்தா பாத்துப்பா."

"பாத்துப்பா, சரி. ஊசி போடுவாளா?" என்றாய் நீ.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நீ மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கும் ஆடினாய்.

துரியோதனன் விழும் படுகளத்துக்கு முந்தின நாள் உனக்குச் சோறு இறங்கவில்லை. தாடை இறுகிவிட்டது. கஞ்சியைப் பல்லிடுக்கில் ஊற்றப் பார்த்தேன். பல்லைக் கடித்தபடியே, "வாய்க்கும் காப்புக் கட்டிட்டாங்க தம்பி" என்றாய். நான் சிரித்தேன். நீ சொல்லி யார்தான் சிரிக்காமல் இருந்திருக்கிறார்கள்?

படுகளம் காலையில். ஊர்ப் பொட்டலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உருவத்தைச் சுற்றி ஓடும். நீ அவர்களுக்கு முன்னால் வெயிலில் நின்றாய். முகத்தில் வெள்ளை. வாய் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. நான் மத்தளத்தில் முதல் அடி போட்டேன்.

உன் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் மண்ணில் பட, நடு உடம்பு மேலே நின்றது. கூட்டம் கைதட்டியது. அம்மன் ஏறியவர்களை நீ எப்போதும் ஆடிக் காட்டுவாயே, அதுதான் என்று நினைத்தார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினார்கள். நான் அடித்தேன். நீ வளைந்தாய். அடித்தேன். வளைந்தாய். உன் கண் என்னைப் பார்த்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை. அப்போதுதான் என் கை நின்றது. கை நின்றதும் நீ மண்ணில் தளர்ந்தாய்.

அதற்குள் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார். "ஆத்தா எறங்கிட்டா! பகடி பண்ணவன் மேலயே எறங்கிட்டா!" பம்பைக்காரர்கள் உன்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யார் நீ, எதற்கு வந்தாய், என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் உன் முதுகு மண்ணை விட்டு எழுந்தது. நான் பம்பையைப் பிடித்து இழுத்தேன். "சத்தத்துக்குத்தாண்டா தூக்கிப் போடுது! நிறுத்துங்கடா!" என்னை நான்கு பேர் பிடித்துத் தள்ளினார்கள். மஞ்சள் தண்ணீரை உன் முகத்தில் ஊற்றினார்கள். வெள்ளை கரைந்து ஓடியது. சிரிப்பு மட்டும் கரையவில்லை.

பூசாரி கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை, வாய் திறந்தால்தானே. அதையும் அம்மனின் கோபம் என்றார்கள். வெயில் ஏறும்வரை அடித்துவிட்டு அவர்களே களைத்துப்போனார்கள். திருவிழாவில் மாடு பூட்டி எல்லை தாண்ட ஊரில் ஒருவனும் வரவில்லை. பாய்தான் வளையல் பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்தார். "எனக்கு உங்க காப்பும் இல்ல, எல்லையும் இல்ல. தூக்குங்க" என்றார்.

எல்லைப் புளியமரத்தடியில் வண்டியை மறித்தார்கள். "காப்போட எல்லை தாண்டினா ஊரு அழிஞ்சிடும்" என்று தர்மகர்த்தா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கொடி இறங்கட்டும், நாளைக்குப் போகலாம் என்றார்கள். மத்தளத்து வாரை அறுக்கும் சின்னக் கத்தி என் மடியில் இருந்தது. உன் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அறுத்து அவர் காலடியில் போட்டேன். "இப்ப காப்பு இல்ல. வழி வுடு." கயிற்றை விட்டுவிட்டு அவர் ஒதுங்கினார். அந்த முகத்தில் நான் பயத்தைத்தான் பார்த்தேன். அதற்காக அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்ததும் ரணஜன்னி என்றார்கள். ஆணிப் புண்ணில் ஏறுகிற விஷம். "சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, தொட்டாலே இழுக்கும். எங்க வச்சிருந்தீங்க இவ்ளோ நேரம்?" என்று டாக்டர் கேட்டார். படுகளத்தில் என்றேன். மேளத்துக்கு நடுவிலா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போகாதவன், கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். பிறகு நூலகத்தில் உட்கார்ந்து வைத்தியப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்தேன். அந்த நோயில் முகம் சிரித்த மாதிரி இழுத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றும் போட்டிருந்தது. அந்த வரியைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

உன்னை ஒரு இருட்டு அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பளி. உள்ளே வரும்போது செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். மறுநாள் பகலில் உன் மூச்சு ஒரு மாதிரி கேட்டது. முகத்தைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. கம்பளியின் ஓரத்தை மட்டும் தூக்கலாம் என்று எழுந்தேன்.

"தெரைய எடுக்காத தம்பி."

பல்லைத் திறக்காமல் சொன்னாய். நான் அப்படியே நின்றேன்.

"உள்ள யாரும் இல்ல."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. சாயந்திரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது பகடியா அண்ணே? எனக்காக, நான் சிரிக்கட்டும் என்று சொன்னதா? இல்லை, நீ இருந்த இடத்திலிருந்து பார்த்துச் சொன்னதா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு கூலிக்குப் போன அரிசி ஆலையில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போது கேட்டேன். பெண்டாட்டி செத்து வீடு வெறுமையான பிறகு கேட்டேன். நான் நம்பிக்கையில்லாதவன். யாரும் இல்லை என்றால் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கவேண்டும். ஏன் இல்லை?

செஞ்சியாற்றங்கரையில் உன்னை எரித்தோம். ராஜகிரி மலை மேல் மேகம் இருந்தது, மழை வரவில்லை. அதற்குள் ஊரில் கதை கட்டி முடித்துவிட்டார்கள். அம்மனைப் பழித்தான், அம்மன் இறங்கினாள், மன்னிக்கத்தான் போனாள், அதற்குள் ஒரு பாவி காப்பை அறுத்தான், கோமாளி செத்தான். அந்தப் பாவி நான். காப்பறுத்தான் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். எந்தக் கூத்துக் கூட்டமும் என்னைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் நான் வாசித்திருக்கமாட்டேன். மத்தளத் தோல் மேல் கை வைத்தால் உன் முதுகு எழுந்தது. ஆலையில் மூட்டை தூக்கப் போனேன்.

பிறகு அந்த ஊரில் இரண்டு வருஷம் மழை இல்லை. குறி கேட்டார்கள். கட்டியக்காரன் எல்லையில் நிற்கிறான், கோபமாக இருக்கிறான் என்று வந்ததாம். புளியமரத்தடியில், வண்டியை மறித்த அதே இடத்தில், உனக்குக் கல் நட்டார்கள். கல்லுக்கு வெள்ளை பூசிச் சிரிப்பு எழுதினார்கள். செய்தி ஆலைக்கு வந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு நடந்தேன். கல்லைப் பிடுங்கி எறியத்தான் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் கட்டியிருந்த திரையை யாரோ இழுத்தார்கள். காலை வெயில் நேராக அந்த வெள்ளை முகத்தில் விழுந்தது. பல் தெரிகிற அந்தச் சிரிப்பு. எனக்கு அது கல்லாகத் தெரியவில்லை. பாய்ந்து திரையை இழுத்து மூடினேன். பம்பைக் குச்சியைப் பிடுங்கி உடைத்தேன். "சத்தம் ஆகாதுடா அவனுக்கு! வெளிச்சம் ஆகாது! நிறுத்துங்கடா!" என் உடம்பெல்லாம் நடுங்கியது.

பம்பை நின்றது. பிறகு பூசாரி தரையில் விழுந்தார். "சாமி வந்துட்டாரு! காப்பறுத்தவன் வாயாலயே சாமி சொல்லிட்டாரு!" எல்லோரும் விழுந்தார்கள்.

"போங்கடா!" என்று கத்தினேன்.

ஒரு பெண் கை கூப்பிக்கொண்டு கேட்டாள்: "எங்க போவணும் சாமி?"

அண்ணே, உன்னைப்போல் ஒருவன் அங்கே இருந்திருந்தால் அந்த இடத்தில் உலகமே சிரித்திருக்கும். எனக்குத்தான் அழுகை வந்தது. அதையும் அருள் என்றார்கள்.

அன்றிலிருந்து உனக்கு மேளம் கிடையாது. திரையும் திறப்பதில்லை. மூடிய திரைக்குத்தான் கற்பூரம் காட்டுகிறார்கள். நீ ஒரு நாள் பொழுதுபோக்குக்குச் செய்த பகடி, நீ இல்லாமலே நடந்துகொண்டிருக்கிறது. உன் நோய்க்கு டாக்டர் சொன்ன வார்த்தையை நான் சொன்னேன், அவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். அவர்கள் சட்டங்களில் நான் இதுவரை மீறாத ஒன்று அது மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு முறை போகிறேன். கை கூப்புவதில்லை. அந்த அமைதியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

சாயந்திரம் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். தலைவன் அந்தத் தர்மகர்த்தாவின் பேரன். மரியாதை தெரிந்த பிள்ளை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"தாத்தா, சாமி பேரு எங்கயோ போயிடுச்சி. பஸ்ஸு புடிச்சி வர்றாங்க. வந்துட்டு, இன்னாடா இது, மேளமில்ல, தரிசனமில்லன்னு கேக்கறாங்க. ஊருக்கே ஒரு மாதிரி இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வேணாம்" என்றேன்.

"ஏன் தாத்தா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாய், துண்டு, காப்பு, ஆணி, ஊசிக்குப் போகவிடாத அவன் தாத்தா, பம்பை, வண்டி, இருட்டு அறை. "அவன் சாமி இல்லடா. சத்தம் கேட்டா ஒடம்பு ஒடையற நோவு வந்து செத்த மனுசன்." அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கிழவன் பேசுகிறான், பேசட்டும் என்று கேட்கிற பொறுமை.

பேரன் மெதுவாகச் சொன்னான். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் தாத்தா. எங்க தாத்தா மேலயே தப்பு இருக்கட்டும். ஆனா அதெல்லாம் மனுசனா இருந்தப்ப. இப்ப சாமியாயிட்டாரே. சாமிக்கு ஜன்னி வருமா?"

அவனே தொடர்ந்தான்.

"செண்டைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சி. அதான் கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. இப்ப வேணாம்னு சொல்றது நீங்களா, சாமியா? நீங்கன்னா நாங்க ஊர்ல பேசிப் பாக்கறோம். சாமின்னா பேச்சே இல்ல."

பேசிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாற்பது செண்டை. நான்கு பக்கமும் மைக். திரையை இழுப்பார்கள். வெயில் விழும்.

நான் பொய் சொல்லாதவன் என்று பேர் எடுத்தவன். அதனாலேயே ஒருவனுக்கும் பிடிக்காதவன். காப்பறுத்தான் என்றபோதும் தலை குனியவில்லை, சாமி வாக்கு என்றபோதும் தலை ஆட்டவில்லை. இரண்டையும் எதிர்த்துத்தான் இவ்வளவு காலம் நிமிர்ந்து நடந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு உன்னை அந்த மேளத்துக்கு நடுவில் விடலாம். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லைச் சொல்லலாம். மூன்றாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். காலையில் வந்த இலை பலகை மேல் இருந்தது. ஓரம் காய்ந்திருந்தது, நடுவில் எண்ணெய் மினுங்கியது.

விரலால் தொட்டு நெற்றியில் வைத்தேன். பிறகு இரண்டு கன்னத்திலும்.

பேரன் முகம் மாறியது. தானாக எழுந்து நின்றான். கூட வந்தவர்களும் எழுந்தார்கள்.

"சத்தம் ஆகாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வெளிச்சம் ஆகாது. தெரைய எடுக்கக் கூடாது."

"சொல்றது யாரு சாமி?" என்று கேட்டான்.

"தெரியலையா? சாமிதான்டா."

காலில் விழுந்து எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்கள். வாசலில் ஒருவன் இன்னொருவனிடம் கிசுகிசுப்பாய்ச் சொன்னான், "நல்லவேளை, கேட்டோம்."

முகம் கழுவ எழுந்தேன். சொம்பில் தண்ணீர் எடுத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை கதவோரம் வந்து நின்று, கன்னத்துப் பொட்டோடு என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எண்ணெய் வாசனை காகிதத்திலும் ஏறியிருக்கும்.

எனக்கு எழுந்து நிற்பதுதான் ஆகவில்லை என்றாயே அண்ணே, இன்று என் ஒரு சொல்லுக்கு நான்கு பேர் எழுந்து நின்றார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உள்ளே யாரும் இல்லை என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். நான்தான் இன்னும் வாசலில் நிற்கிறேன்.